வேப்பெண்ணெய் குடித்த பல்சக்கரம்

“…கீழ் வீட்டு நாத்தம் லா, வேற ஒண்ணுமில்ல. சன்னல் வழியா ஏறி வருது. நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க,” என்றார் பெரியப்பா.

முதலில் இங்கிலீஷில் தன் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு, அதையே தமிழில் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். தீபாவளி நாள். கூடம் நிறைய விருந்தாளிகள், ஆளுக்கொரு தட்டு கையில். எல்லோரும் தலையாட்டினார்கள், நம்பினார்கள். அது பொய் என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் மூன்றே பேர். சொன்ன பெரியப்பா ஒருவர். பத்து வயதுப் பெண்ணாக மூலையில் நின்றிருந்த நான் இன்னொருத்தி. மூன்றாமவரைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு. உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கிறுக்கு வந்திருக்கலாம். பழைய மேசை விசிறி மேல் இப்போது எல்லோருக்கும் திடீர் ஆசை. சிராங்கூன் சாலைப் பக்கம் புதிதாக ஒரு காப்பிக் கடை திறந்தால்கூட, மூலையில் பித்தளை இறக்கை வைத்த விசிறி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் எதிர்வீட்டுத் தம்பி கணினி வேலை பார்க்கிறவன். சனி ஞாயிறானால் நடைபாதையில் செய்தித்தாளை விரித்து விசிறியைப் பிரித்துப் போட்டுவிடுவான். போன மாதம் என்னிடம் வந்து நின்றான்.

“ஆன்ட்டி, உங்க பெரியப்பாகிட்ட நெறைய ஓல்டு ஃபேன் இருந்துச்சாமே? ஸ்டோர்ரூம்ல ஏதும் கெடக்குதா? எனக்கு ஒரிஜினல் கியர் ஒண்ணு வேணும். ஆன்லைன்ல தேடித் தேடிக் கண்ணு போச்சு.”

“ஒண்ணு இருந்துச்சு. பழைய இரும்போட போட்டுட்டேன்.”

“அலாமாக்! பித்தளை இறக்கை ஆன்ட்டி அது! எப்படி மனசு வந்துச்சு?”

வந்தது, நன்றாகவே வந்தது. ஏன் என்று அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அவன் அதற்குள்ளும் ஒரு ஸ்பேர் பார்ட்டைத்தான் தேடுவான். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், நடு மாடியில் இருந்தோம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், எல்லோருக்கும் புது வீடு தருவார்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த வருடம். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மின்சார வேலை. இங்கிலீஷ் எழுதப் படிக்க நன்றாக வரும் என்பதால் கட்டடம் முழுக்க அவருக்குத் தனி மரியாதை. யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். யாருக்கு மனு எழுதவேண்டுமானாலும் அவர் பேனாதான். ‘தங்கமான மனுஷன்’ என்று சொன்னால் தபால்காரருக்கே வீடு தெரியும். என் அப்பா அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தங்கமான மனிதரின் நகக்கண்களைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

கூடத்தில் எங்கே கால் வைத்தாலும் விசிறி. தலை இல்லாத அடிப்பாகம், அடிப்பாகம் இல்லாத தலை, துருப்பிடித்த கம்பிக்கூடு. “உங்க பெரியப்பாவுக்குக் காத்து வேணும்னா வெளிய போய் நிக்கணும். இருபது காத்தாடி இருக்கு, ஒண்ணாச்சும் சுத்துதா பாரு,” என்பாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, பெரியப்பா காதில் விழாத அளவுக்கு.

பழைய விசிறியின் பின்மண்டையை நீங்கள் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் நல்லது. உள்ளே கரப்பான் முட்டைகள் வரிசையாக, சிவப்புப் பயறு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து காகிதமாகிப்போன பல்லி ஒன்று நிச்சயம். தண்டில் யார் யாருடைய தலைமுடியோ சுற்றிச் சுற்றித் திரிபோல இறுகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் கிரீஸ். ஆறிப்போன ஆட்டுக்கொழுப்பு மாதிரி உறைந்து, விளிம்பில் மட்டும் பச்சை பூத்து. பெரியப்பா அதை விரலால் வழித்தெடுப்பார், கட்டைவிரலால் தேய்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். சில நேரம் நாக்கு நுனியிலும் வைத்துப் பார்ப்பார்.

“ஃபேக்டரில வச்ச கிரீஸு. இதுவரைக்கும் யாரும் கை வைக்கல,” என்பார், கோவில் பிரசாதம் கிடைத்தவர் போல. பிறகு அந்த விரலைக் கைலியில் துடைத்துவிட்டுத் தோசையைப் பிய்ப்பார்.

அம்மாவின் பால் சட்டி மண்ணெண்ணெய்ச் சட்டியானது. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயெல்லாம் எரிந்தது. துப்பினேன், கறுப்பு. என் பல் தூரிகையால் முந்தின நாள் சாயங்காலம் ஏதோ ஒரு கியரைத் தேய்த்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பக் குவளையில் வைத்திருக்கிறார். நான் அழுததற்கு, “பல்லத் தேய்க்கிறதுதானே பாப்பா, அதுவும் பல்லுதான்,” என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இன்றைக்கும் பல் தூரிகையை முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க எனக்கு வராது.

அந்த வருடம் அவருக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. யாரோ ஒரு துரை காலி செய்துவிட்டுப்போன பங்களாவிலிருந்து வந்த மேசை விசிறி. கறுப்பு உடம்பு, நான்கு பித்தளை இறக்கைகள், தூக்கினால் கை இற்றுப்போகும் கனம். மோட்டார் நன்றாக இருந்தது. துணி சுற்றிய ஒயர்கூட அப்படியே இருந்தது. தலை மட்டும் ஆடவில்லை.

மேசை விசிறி இடமும் வலமுமாகத் தலையைத் திருப்புகிறதே, அதற்குப் பின்மண்டைக்குள் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கிறது. இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக். அந்த ரக விசிறியில் துணியை அடுக்கடுக்காக வைத்து, பசை விட்டு, கல்லாக இறுக்கிச் செய்திருப்பார்கள். ஓடும் சத்தமே கேட்காது. பெரியப்பாவின் விசிறியில் அந்தச் சக்கரத்துக்குப் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. பிஸ்கட் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

இது தெரிவதற்கு முன்பே பெரியப்பா வாயைக் கொடுத்திருந்தார். அவர் பட்டறை இன்ஜினியர் ஒரு சீனர், பழைய விசிறி சேர்ப்பதில் பெரிய கை. அவரிடம் போய், “என்கிட்ட ஒண்ணு இருக்கு சார், ஒரு திருகாணிகூட மாத்தல, எல்லாம் ஒரிஜினல், தலையும் ஆடும்,” என்று அளந்துவிட்டார். அந்த மனிதர், “தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன், திறந்து காட்டு,” என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் தொடங்கியது தேடல். சுங்கை ரோட்டுச் சந்தைக்கு ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஆற்று நாற்றத்துக்கு நடுவே தார்ப்பாய் விரித்து, ஒற்றைச் செருப்பு, பொய்ப்பல், குழாய் மூடி என்று பரப்பி வைத்திருப்பார்கள். பெரியப்பா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியையும் கிளறுவார். பொய்ப்பல்லை நகர்த்திவிட்டுக் கியர் தேடுவார். ஜாலான் புசார் பக்கத்து மோட்டார் கடைகள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினோம். எங்கும் இல்லை.

கடைசியாக ஒரு கடைசல் பட்டறையில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் வழுவழுத்த அந்தச் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பித்தளையில கடைஞ்சு தரேன். நாளைக்கு வாங்க. உங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் தலையாட்டும்.”

“பித்தளையா? ஒரிஜினல் துணிக் கியருங்க இது.”

“ஒரிஜினலு ஒரிஜினலுங்கிறீங்களே, காத்துக்குத் தெரியுமா அது?”

பெரியப்பா சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த மனிதர் சொன்னதை நான் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேச்சு என்றால் அது பேச்சு. அன்று பெரியப்பா சரி என்றிருந்தால் நான் எழுத வேண்டிய கதையே இல்லை.

இனி கீழ் வீடு. எங்களுக்கு நேர் கீழே, தரை வீட்டில் இருந்தவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இரத்த சொந்தம் இல்லை, பழக்கத்தில் வந்த அத்தை. அவர் கணவர், மாமா, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடமாகப் படுக்கை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேச்சும் இல்லை. கண் மட்டும் பேசும். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண். சாயங்காலம் ஆனால் அம்மா ரசமோ கஞ்சியோ கிண்ணத்தில் ஊற்றி, “அத்தை வீட்ல குடுத்துட்டு வா,” என்பாள்.

எனக்கு அதைவிடச் செத்துப்போகலாம் போலிருக்கும். கதவு திறந்ததுமே அந்த நாற்றம் முகத்தில் அறையும். அழுகிய பூண்டும் சிக்குப் பிடித்த வேர்க்கடலையும் வெயிலில் கிடந்த மாதிரி. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவேன். மாமாவின் கண்கள் என்னைத் தொடர்ந்து வாசல் வரை வருவது தெரியும். வீட்டுக்கு வந்து, “அம்மா, கீழ் வீட்டு நாத்தம் என் சட்டையில ஒட்டிக்கிச்சு,” என்று கத்துவேன். அம்மா அதட்டுவாள். பெரியப்பா விசிறிகளுக்கு நடுவிலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். “கீழ் வீட்டு நாத்தம்! நல்லாச் சொன்னா பாரு!”

ஆமாம், கவனித்திருப்பீர்கள். அந்த வார்த்தை என்னுடையது.

அந்த வீட்டில் ஒரே ஒரு வசதி, மாமாவின் கால்மாட்டில் இருந்த பழைய மேசை விசிறி. எப்போதோ ஒரு ஏலத்தில் மாமாவே வாங்கியது. அது தலையைத் திருப்பித் திருப்பி அவர் நெஞ்சு, தோள், முகம், மறுபடி தோள் என்று வருடிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் காற்று பட்டால் அவருக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். படாத இடம் வியர்த்துப் புண் நசநசக்கும். தானாகப் புரண்டு படுக்க முடியாத மனிதருக்கு அந்த விசிறிதான் புரண்டு கொடுத்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த விசிறி நின்றுபோனது. அத்தை அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“அண்ணே, ரெண்டு நாளா அவரு கண்ணத் தொறந்துக்கிட்டே கெடக்குறாரு. கொஞ்சம் பாத்துக் குடுங்கண்ணே.”

“வச்சுட்டுப் போ தங்கச்சி. அண்ணன் எதுக்கு இருக்கேன்?”

பெரியப்பா பிரித்தார். ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு ஈயப்பற்றில் சரியாகிவிட்டது. அதோடு மூடியிருக்கலாம். ஆனால் பின்மண்டையையும் திறந்தார். நாற்றம் குபீரென்று கிளம்பியது. “என்னத்த ஊத்தி வச்சிருக்கா இவ?” என்று முனகிக்கொண்டே உள்ளே இருந்த கறுப்புக் களியைத் துணியால் துடைத்தார். துடைத்த கை நின்றது.

அதே துணிச் சக்கரம், அதே அளவு, பற்கள் ஒன்றுகூடத் தேயவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியப்பா சக்கரத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பசியோடு வந்தவர் பந்தியில் இலையைப் பார்க்கிற பார்வை. பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பா, போய்த் தண்ணி கொண்டா.”

தண்ணீர் கொண்டுவந்தபோது அத்தையின் விசிறி மூடப்பட்டிருந்தது. சக்கரம் அவருடைய கைலி மடிப்பில் இருந்தது. மடிப்பில் எண்ணெய்க் கறை வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

மறுநாள் அத்தை வந்து வாங்கிப்போனார்.

“மோட்டார் புதுசு மாதிரி ஆயிடுச்சு தங்கச்சி. தலை மட்டும் இனிமே ஆடாது. உள்ள கியர் பொடிப்பொடியாப் போச்சு. உலகத்துல எங்கயும் கெடைக்காது, நானே தேடி அலைஞ்சவன்.”

“காத்து வருதுல்லண்ணே, அதுவே பெரிசு.” அத்தை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். சாயங்காலம் ஒரு டப்பா நிறைய முறுக்கு வந்தது. பெரியப்பா அந்த முறுக்கைத் தின்றார். கடித்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நானும் இரண்டு தின்றேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் கிண்ணம் கொண்டுபோன நாட்களில் பார்த்தேன். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஓடிவந்து விசிறியைக் கையால் திருப்பி வைப்பார். துணி துவைக்கும்போது, குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது அது ஒரே திசையில் அடித்துக்கொண்டிருக்கும். மாமாவின் ஒரு பக்கம் சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்திருக்கும். மறுபக்கம் வியர்வையில் பாய் நனைந்திருக்கும். கண்கள் விசிறியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி விசிறியைப் பார்க்கும். நான் திருப்பி வைப்பேன். கண்ணை மூடிக்கொள்வார். அதுதான் நன்றி.

அப்படி நின்று திருப்புகிறபோதுதான் ஒருநாள் உறைத்தது, நான் மூச்சை அடக்காமல் நிற்கிறேன் என்று. அந்த நாற்றம் இல்லை. மருந்து வாடை இருந்தது, மனித வாடை இருந்தது. முகத்தில் அறையும் அந்த அழுகல் போய்விட்டிருந்தது.

“அத்தை, வீடு கழுவுனீங்களா?”

“தெனமும்தான் கழுவுறேன் கண்ணு. ஏன்?” என்றவர், தானே சொன்னார். “காத்தாடிக்கு எண்ணெய் விடறத நிறுத்திட்டேன். அண்ணன் வேணாம்னுட்டாரு. உங்க மாமா புண்ணுக்குத் தடவுற வேப்பெண்ணெய்தான் அதுக்கும் விடுவேன், மூணு வருஷமா. எண்ணெய் கேட்டுக் கீச்சுக் கீச்சுன்னு கத்தும்ல. மருந்து எண்ணெயா விட்டா அந்தக் காத்துபட்டுப் புண்ணு ஆறும்னு ஒரு நெனப்பு. ஈயும் வராது.”

கேட்டீர்களா? மூன்று வருடம் தவறாமல், விசிறி சூடாகச் சூடாக, வேப்பெண்ணெய் வெந்து அந்த அறையை நிறைத்திருக்கிறது. அந்த நாற்றத்தை நான் ஒரு மனிதனின் நாற்றம் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடிக்கு வந்தேன். கூடத்தில் பெரியப்பாவின் பொக்கிஷம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் அங்கே இருந்தது.

அந்தச் சக்கரத்தோடு அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். சோப்புத் தண்ணீரில் வேகவைத்தார்; பால் சட்டியைத் தொடர்ந்து சாம்பார்ச் சட்டியும் போனது. எலுமிச்சம்பழம் தேய்த்தார், வெயிலில் வைத்தார், பவுடரில் புரட்டினார். கையில் எடுத்து முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. மாட்டி ஓடவிட்டுக் கால் மணி நேரம் கழித்து, உள்ளே சூடேறியதும், துணி தான் குடித்ததைக் கக்கத் தொடங்கும். அம்மா வாந்தி வருகிறது என்று வெளியே போய் நிற்பாள். பெரியப்பாவோ குனிந்து விசிறியின் பின்மண்டையில் மூக்கை வைத்து உறிஞ்சுவார். “கொறைஞ்சிருக்கு, நேத்தைக்கு இன்னிக்குக் கொறைஞ்சிருக்கு,” என்பார். குறையவில்லை. பவுடரும் சேர்ந்து, பிணத்துக்குப் பூசிய மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நான் அம்மாவிடம் சொன்னேன், அடுப்படியில், காதோடு காதாக. அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்.”

“அப்ப அத்தைகிட்ட சொல்லும்மா!”

“வாய மூடு. அத்தையோட புது வீட்டு மனு இன்னும் அவரு கையில இருக்கு. தீபாவளி முடிஞ்சதும் எழுதித் தரேன்னிருக்காரு. சண்டை போட்டா யாரு எழுதிக் குடுப்பா? நீயா?”

லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத காலம் அது, உங்களுக்கு நினைவிருக்கும். தரை வீடோ லிஃப்ட் நிற்கும் மாடியோ கிடைக்காவிட்டால் மாமாவை எப்படி ஏற்றுவது, எப்படி மருத்துவமனைக்கு இறக்குவது? அத்தைக்கு அந்த மனுதான் உயிர். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. அப்பாவிடம் போனேன். “பெரியவங்க விஷயம்,” என்றார், தினசரியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

தீபாவளி வந்தது. பெரியப்பாவின் கணக்கு இதுதான்: இன்ஜினியர் வந்ததும் பின்மண்டையைத் திறந்து சக்கரத்தைக் காட்டுவது, ஐந்து நிமிடம் ஓட்டுவது, நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காரவைப்பது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார், தொட்டார், “ஒரிஜினல்!” என்று பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விசிறி ஓடியது. பித்தளை இறக்கைகள் நான்கும் ஒரே தங்கத் தட்டாகின. தலை மெல்லத் திரும்பியது. பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள்.

பெரியப்பா நிறுத்தப் போனார். இன்ஜினியர் அவர் கையைத் தட்டிவிட்டார். நாற்காலியை இழுத்து அதன் எதிரிலேயே போட்டுக்கொண்டார். அவருக்கு அந்தக் காற்று வேண்டுமாம், அதன் எதிரிலேயே சாப்பிடுவாராம்.

பத்து நிமிடம் போனது. கால் மணி போனது. பெரியப்பாவின் மேலுதட்டில் வியர்வை பூத்தது, விசிறிக்கு முன்னால் நின்றுகொண்டே. முதலில் ஓர் அம்மா தன் தட்டை முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் ஒருவர் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு குழந்தை, “உவ்வே” என்றது. விசிறி எதையும் விடவில்லை. ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒழுங்காகத் திரும்பி, ஆளுக்குச் சமமாகக் கொடுத்துக்கொண்டே போனது.

அம்மா அடுப்படியிலும் அப்பா கீழே வாசலிலும் இருந்த அந்த நேரத்தில்தான் கீழ் வீட்டு அத்தை வந்தார். நிறைய ஆட்கள் வருகிறார்கள் என்று அம்மா வடை சுடச் சொல்லியிருந்தாள். தட்டு நிறைய சுடச்சுட வடையோடு கூடத்து வாசலில் நின்றார். விசிறி அவர் பக்கம் திரும்பியது. காற்று அவர் முந்தானையைத் தூக்கியது.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் தன் கையால் ஊற்றிய எண்ணெய் அது. கண்கள் விசிறியோடு இடம் போயின, வலம் வந்தன, மறுபடி இடம் போயின. பிறகு பெரியப்பாவிடம் வந்து நின்றன. அத்தைதான் அந்த மூன்றாமவர்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த நிமிடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் எனக்கு. பெரியப்பா மனுவை எழுதினார், அருமையாக எழுதினார் என்று எல்லோரும் சொன்னார்கள். லிஃப்ட் நிற்கும் மாடியிலேயே அத்தைக்கு வீடு கிடைத்தது. சாவி கைக்கு வருவதற்கு முன் மாமா போய்விட்டார். முதுகுப் புண் உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள். பெரியப்பா பாடைக்குத் தோள் கொடுத்தார், வாய்விட்டு அழுதார். “தங்கமான மனுஷன்,” என்றார்கள். எனக்கு அந்தக் கண்ணீரைப் பார்க்கக் குமட்டியது, அந்தக் கிரீஸைப் பார்த்தபோது குமட்டியது போலவே.

நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, ஒருநாள் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது அத்தையைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க பெரியப்பா எழுதின லெட்டர் மாதிரி யாரும் எழுத முடியாதும்மா. அதுலதான் எனக்கு வீடு கெடச்சுது,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவரு காத்தாடி இன்னும் தலையாட்டுதா?” என்றார்.

“ஆட்டுது அத்தை.”

“நல்ல கியரு அது.”

நான் அழத் தொடங்கினேன், மீன்காரர் பார்க்கப் பார்க்க. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அத்தை சிரித்துவிட்டார்.

“நீ எதுக்கு அழுவுற? எங்க வீட்டு வாசல்லயே மூக்கக் கழட்டி வச்சுட்டு உள்ள வர்ற பொண்ணாச்சே நீ. எனக்குத் தெரியாதா என்ன? அவருக்கும் தெரியும்.”

அவருக்கும் தெரியும். அதைக் கேட்டபின் பல நாள் என்னால் என் முகத்தைக் கண்ணாடியில் சகிக்க முடியவில்லை. பெரியப்பா மேல் இருக்கிற அருவருப்பையாவது பழைய இரும்புக்காரரிடம் எடைபோட்டுத் தள்ளிவிட முடிந்தது.

இப்போது அந்த நிமிடம். அத்தை வடைத் தட்டோடு நிற்கிறார். கண்கள் பெரியப்பா மேல். அவரும் பார்த்துவிட்டார். இன்ஜினியர் கரண்டியை வைத்துவிட்டு, இங்கிலீஷில், என்ன வாடை இது என்று கேட்கிறார். பெரியப்பா அத்தையை விட்டுக் கண்ணை எடுத்தார். பிறகு, நான் பெற்றுக் கொடுத்த அந்த வார்த்தையை எடுத்து, அத்தை நிற்கும்போதே, அத்தை காது கேட்க, சொன்னார். கீழ் வீட்டு நாத்தம் லா.

“அடப் பாவமே, எப்படித்தான் குடியிருக்காங்களோ,” என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். அத்தையின் கையில் தட்டு கொஞ்சம் சாய்ந்தது. ஒரு வடை உருண்டு விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். நான் மூலையை விட்டு நகரவில்லை.

பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு விருந்தாளிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு நடந்தார். கீழ் வீட்டுப் பக்கம் பார்த்த சன்னலுக்குப் போனார். ஒரு கதவைச் சாத்தினார். இன்னொரு கதவையும் சாத்தினார். கொண்டியைப் போட்டு, நன்றாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.